கையொப்பமிடாதார் கடப்பாடு

ஒருவர் தாம் கொடுத்த வாக்குக்குத் தாம் கட்டுப்பட்டவர் என்பதை எவரும் மறுப்பதில்லை. தாம் கொடாத வாக்குக்கு அவர் எவ்வாறு கட்டுப்படுகிறார் என்பதே மெய்யியலாளரை நெடுங்காலமாக அலைக்கழித்துவரும் வினாவாகும். அரசுக்கும் குடிகளுக்கும் இடையிலான உறவை விளக்க முற்பட்ட ஹொப்ஸ், லொக், ரூசோ ஆகியோர் சமூக ஒப்பந்தம் என்னும் கருத்தின் வழியாக இவ்வினாவுக்கு விடைகாண முயன்றனர். கலைப்பீட மாணவருட் பலர் முதலாம் ஆண்டிலேயே அவ்விடைகளை மனனஞ் செய்து, பரீட்சை மண்டபத்தில் இறக்கிவைத்துவிட்டு வெளியேறுகின்றனர். யானும் அவ்வாறு வெளியேறியவனே. ஆயின், அதே வினா அரசென்னும் பேருருவை விடுத்து ஒரு கிணற்றின் வடிவிலும் ஒரு மீன் கொட்டகையின் வடிவிலும் என் ஊரில் என்னை எதிர்கொண்டபோது, மனனஞ் செய்த விடைகளுள் ஒன்றேனும் எனக்குக் கைகொடுக்கவில்லை. பலர் கூடிப் பயன்படுத்தும் ஒரு பொருளை எவர், எவ்வாறு, எத்தரத்திற் பேணிப் பயன்படுத்த வேண்டும் என விதிக்கும் ஏற்பாடுகள் எதனால் அறவலிமை பெறுகின்றன என்பதே இங்கு நாம் நோக்கப்போகும் பொருள்.

எனது ஊர் வாகரைப் பகுதியைச் சேர்ந்தது. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, திருகோணமலை செல்லும் வீதியில், அறுபது கிலோமீற்றருக்கு அப்பால் இப்பகுதி உள்ளது. நிருவாகத்தில் அதற்குக் கோறளைப்பற்று வடக்கு என்று பெயர். கிழக்கே வங்கக் கடல். மேற்கே பனிச்சங்கேணி வாவியும் அதனை அணைத்து நிற்கும் கண்டற் காடும். அவற்றுக்கும் அப்பால் கட்டுமுறிவு முதலான குளங்களின் கீழ் விளையும் வயல்கள். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பரப்பிலேயே எங்களிற் பெரும்பாலோரின் வீடுகள் உள்ளன. பனிச்சங்கேணி, மாங்கேணி, காயான்கேணி, மதுரங்கேணி என ஊர்ப்பெயர்களே இங்கு கேணிகளாக அமைந்திருப்பதை வெளியூர் நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டும்வரை யான் கவனித்ததில்லை. குடியிருக்க வந்தோர் முதலில் தேடியது நன்னீர் என்பதை அப்பெயர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் குறிச்சியிலும் ஒரு பொதுக்கிணறு உண்டு. அதனைச் சூழ்ந்துள்ள விதிகள் எங்கும் எழுதப்பட்டவையல்ல. கிணற்றுக் கட்டின்மேல் துணி துவைத்தல் ஆகாது. சவர்க்காரம் இட்டுக் குளிப்போர் பத்து முழம் தள்ளி, நீர் மேற்குப்பக்கமாக வடிந்தோடும் இடத்தில் நிற்க வேண்டும். மண்ணில் வைத்த வாளியைக் கழுவாது உள்ளே இறக்கல் கூடாது. ஆவணியில் நீர் அடிக்கு இறங்கும் நாள்களில் வீட்டுக்கு இரண்டு குடமே முதற் சுற்று. எல்லாரும் அள்ளியபின் மிஞ்சினால் மறுசுற்று. கயிறு அறுந்தால், அறுந்தவேளையில் இறைத்துக்கொண்டிருந்த வீட்டார் புதுக்கயிறு வாங்க வேண்டும். ஆனால், கயிறு நைந்துவிட்டதென அவ்வீட்டார் முன்னரே பிறருக்குச் சொல்லியிருப்பின் அச்செலவு எல்லாரையும் சாரும். இக்கடைசி விதியின் நுண்மையை யான் சட்டப் பாடநூல்களிற் படித்த எந்த ஏற்பாட்டிலும் குறைந்ததாகக் கருதவில்லை. கவனமின்மைக்குப் பொறுப்பு, முன்னறிவித்தலுக்கு விலக்கு என இரண்டு கோட்பாடுகள் அதில் அடங்கியுள்ளன. வைகாசியிற் கண்ணகை அம்மன் சடங்குக்கு முந்திய கிழமை கிணறு இறைத்துச் சேறு எடுக்கப்படும். வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். ஆளில்லா வீட்டார் தேநீரும் பலகாரமும் கொடுத்தாற் போதும்.

இவ்விதிகளை யார் வகுத்தார் என அம்மம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். “ஆரு மனே போட்டது? கிணறுதான் போட்டது” என்றார். அப்போது அதனைக் கேள்வியைத் தட்டிக்கழிக்கும் பேச்சென்றே எண்ணினேன்.

இனி மீன் கொட்டகைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் கரையில் ஏலக் கொட்டகை ஒன்றைக் கட்டித்தந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அதன் நோக்கமும் நன்றே. சீமெந்துத் தளம், நீர்த்தாங்கி, தராசு, இரண்டு பெரிய பனிக்கட்டிப் பெட்டிகள் ஆகியன அதில் அடங்கும். அத்துடன் ஓர் உடன்படிக்கையும் வந்தது. பதினான்கு ஏற்பாடுகள், அன்று சங்கத்தில் அங்கத்தவராயிருந்த முப்பத்தொரு பேரின் கையொப்பம். மீனை வெறுந்தளத்திற் கொட்டல் கூடாது; ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு பனிக்கட்டி இடல் வேண்டும்; தளம் நாளுக்கு இருமுறை கழுவப்படல் வேண்டும்; உள்ளே மீன் வெட்டலும் வெற்றிலை உமிழ்தலும் ஆகா; தராசு ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கப்படல் வேண்டும். இவற்றை யான் குறைகூற மாட்டேன். எமது வெப்பத்திற் பனிக்கட்டியின்றிக் கிடக்கும் மீன் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். ஒருவருடைய கெட்ட மீன் அக்கரையிலிருந்து போகும் மீன் முழுவதன் விலையையும் கெடுத்துவிடும். தரம் என்பது இங்கு ஒருவர் மற்றவருக்குச் செலுத்தவேண்டிய கடனேயாகும். பதினோராவது ஏற்பாடுதான் இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. இவ்வுடன்படிக்கைத் திகதியில் அங்கத்தவராயிராதோர் கொட்டகையையும் அதிலுள்ள உபகரணங்களையும் பயன்படுத்துதல் ஆகாது என்பது அது.

சென்ற விடுமுறையில் யான் ஊரில் நின்ற ஒரு காலைப்பொழுது, வாவிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கூடை நிறைய நண்டுடன் வந்தார். கண்டல் வேர்களுக்கிடையே சேற்றில் இறங்கி நண்டு பிடிப்பது அவர் தொழில். உடன்படிக்கை எழுதிய காலத்தில் அவர் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தார். நண்டை நிறுத்து, கொழும்புக்கு ஏற்றும் வியாபாரி வரும்வரை பெட்டிக்குப் பக்கத்தில் குளிரில் வைத்திருக்க அவர் அனுமதி கேட்டார். அங்கிருந்தோரிடையே சலசலப்பு எழுந்தது. பல்கலைக்கழகத்திற் படிப்பவன் நிற்கிறான், அவனே வாசித்துச் சொல்லட்டும் என ஒருவர் சொல்ல, உறையிலிருந்த கடதாசி என் கைக்கு வந்தது. “என்ட பேர் இரிக்கா எண்டு பாருங்க மனே” என்றார் அந்தத் தாய். ஆங்கிலத்தில் எண்ணித் தமிழிற் கொட்டப்பட்ட அவ்வாசகங்களை இருமுறை படித்தபின்னரே எனக்குப் பொருள் பிடிபட்டது. பெயர் இல்லை என்றேன். பதினோராவது ஏற்பாட்டையும் உரத்து வாசித்தேன். அவர் எவரோடும் வாதிடவில்லை. கூடையைத் தலையிலேற்றிக்கொண்டு வீதிக்குப் போனார். நண்டு அன்று வீதியோரத்தில், கேட்ட விலைக்கே போயிற்று எனப் பின்னர் அறிந்தேன்.

யான் வாசித்தது பிழையன்று. அந்த ஏற்பாடு சொல்வதை அப்படியே சொன்னேன். எனினும், அன்று முழுதும் ஒரு குற்றம் செய்தவனைப் போலவே திரிந்தேன். இவ்வுணர்ச்சி வெறும் இரக்கமா, அன்றி அதற்குக் காரணம் உண்டா என்று ஆராய்வது மெய்யியல் பயிலும் ஒருவனின் கடமையென்பதால் மேலே தொடர்கிறேன்.

உடன்படிக்கைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலிமையான நியாயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஸ்கொத்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1739, 1740 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தமது பெருநூலில் ஓர் உதாரணம் காட்டுகிறார். இரண்டு அயலவர் தமக்குப் பொதுவான புல்வெளியில் தேங்கிய நீரை வடித்துவிட எளிதில் இணங்குவர்; ஒருவர் தவறினால் வேலையே கெடும் என்பது இருவருக்கும் தெரியும். ஆயிரம் பேர் அவ்வாறு இணங்குதல் அரிது. ஒவ்வொருவரும் செலவையும் சிரமத்தையும் பிறர்மேல் இறக்கிவிடவே பார்ப்பர். 1968 இல் கறற் ஹாடின் என்னும் அமெரிக்க உயிரியலாளர் எழுதிய, பொதுமேய்ச்சல் நிலத்தின் அவலம் பற்றிய கட்டுரை இதே எண்ணத்தை உலகறியச் செய்தது. தனக்கென ஒரு மாட்டை மேலதிகமாக விடும் ஒவ்வொருவனும் ஆதாயத்தைத் தான் பெற்று நட்டத்தை எல்லார்க்கும் பங்கிடுகிறான். முடிவிற் புல்லும் இல்லை, மாடும் இல்லை. எழுதப்பட்ட ஏற்பாடுகள் இந்த நழுவலைத் தடுக்க வந்தவையே. கொட்டகைக்கு விதி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால், அதே ஹியூமே 1748 இல் எழுதிய கட்டுரையொன்றில் மறுபக்கத்தையும் காட்டிவிடுகிறார். ஒரு நாட்டில் வாழ்வதே அதன் ஆட்சிக்கு மௌனமாக இசைந்ததற்கு ஒப்பாகும் என்போரை நோக்கி அவர் கேட்கிறார்: உறக்கத்திற் கப்பலுக்குத் தூக்கிச் செல்லப்பட்ட ஒருவன், விழித்தபின் கப்பலிலேயே இருப்பதனாற் கப்பற்றலைவனின் அதிகாரத்துக்கு இசைந்துவிட்டானா? வெளியேற விரும்பினால் அவன் கடலிற் குதித்து மடியவேண்டுமல்லவா? வெளியேற வழியில்லாதவனின் தங்கியிருத்தலை இசைவென்று கொள்ளலாகாது என்பதே இதன் சாரம். இதனைக் கொட்டகைக்குப் பொருத்திப் பார்த்தால் விநோதமான ஒரு தலைகீழ் நிலை தோன்றுகிறது. ஹியூமின் மனிதன் கப்பலினுள்ளே இசைவின்றி அகப்பட்டவன். நண்டு கொண்டுவந்த தாயோ உறங்கிக்கொண்டிருக்கையிற் கப்பல் புறப்பட்டுவிட்டதால் கரையில் விடப்பட்டவர். முன்னவன்மேல் விதி அவன் இசைவின்றிச் சுமத்தப்பட்டது. பின்னவரை விதி அவர் இசைவின்றி விலக்கிற்று. இசைவே கடப்பாட்டின் ஊற்று எனக் கொள்வோர் இரண்டாமவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஒப்பந்தம் அதில் ஒப்பமிட்டோரையே கட்டும் என்பது அவர்தம் நிலைப்பாடு. ஆயின், விலக்குதலும் ஒருவகைக் கட்டுதல் அன்றோ? முப்பத்தொரு பேர் தமக்குள் இணங்கியதன் விளைவாக முப்பத்திரண்டாமவர் ஒரு காரியத்தைச் செய்யாதிருக்கக் கடமைப்பட்டுவிட்டாரே!

கையொப்பமிடாதாரையும் கட்டுகின்ற ஏற்பாடுகள் எமக்குப் புதியனவல்ல. வயற்காரர் இதனை நன்கறிவர். ஆங்கிலேய ஆட்சியில், தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில், நீர்ப்பாசனம் பற்றிய பண்டைய வழக்கங்களைப் புதுப்பிக்கவென 1856 இன் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று நடைமுறையிலுள்ள 1946 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமும் அவ்வழியில் வந்ததே. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. எந்நாளில் நீர் திறப்பது, எந்நாளுக்குள் விதைத்து முடிப்பது, எத்தனை மாத நெல், மாடுகளை எப்போது வயற்பரப்பினின்றும் அகற்றுவது, வேலியை எப்போது அடைப்பது என்பனவெல்லாம் அங்குத் தீர்மானிக்கப்படுகின்றன. வந்திருந்தோரிற் பெரும்பான்மையோர் ஏற்றது வராதாரையும் கட்டும். மீறினால் நீதவான் மன்றம்வரை போகலாம். இதனை எவரும் அநீதி என்று சொல்லக் கேட்டதில்லை. ஏன்? கூட்டம் அறிவிக்கப்படுகிறது, அக்குளத்தின் கீழ் வயல் வைத்திருக்கும் எவரும் வரலாம், வந்து எதிர்த்தும் பேசலாம், எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த போகத்துக்கு அடுத்த கூட்டம் உண்டு. சென்ற முறை தோற்றவர் அடுத்த முறை வெல்லக்கூடும். அங்கு கட்டுவது கையொப்பமல்ல. திரும்பவும் திரும்பவும் திறக்கப்படும் அந்தக் கூட்டமே. (நிலமில்லாக் கூலியாளுக்கு அங்கு வாயில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.)

ஆயினும், கதவைத் திறந்துவைத்தல் மட்டும் போதுமா என ஒருவர் வினவலாம். இவ்வினா இலகுவானதன்று, எமது நாட்டின் தென்கரையிலேயே இதற்கு ஒரு துயரமான விடை உண்டு. தங்காலைக்கு அண்மையிலுள்ள மாவெல்ல என்னும் கடற்கரையில் கரைவலை இழுப்போரைப் பற்றி மானிடவியலாளர் போல் அலெக்சாண்டர் விரிவாக ஆராய்ந்து 1982 இல் நூலொன்று வெளியிட்டார். கரை நீளமானதன்று, எல்லா வலைகளையும் ஒரேவேளையிற் போட இயலாது. ஆதலால் வலைகள் முறைவைத்துப் போடப்பட்டன. நல்ல பாடும் மோசமான பாடும் எல்லார்க்கும் மாறிமாறிக் கிடைத்தன. இதனினும் நீதியான ஏற்பாட்டை எண்ணிப்பார்த்தல் அரிது. ஆனால், வலைகளின் தொகைக்கு வரம்பில்லை. முறையில் இடம்பெற விரும்பியோர் புதிது புதிதாக வலை சேர்த்தனர். வலை பெருகப் பெருக ஒவ்வொரு வலைக்கும் வரும் முறை அருகிற்று. மீன் அதேயளவு, பங்கோ நூலிழையாயிற்று. புதிய வலைகளைத் தடுக்கும் சட்டம் இருந்தும், செல்வாக்குள்ளோரின் தலையீட்டால் அது செயற்படவில்லை. எலினோர் ஒஸ்ட்ரம் 1990 இல் வெளியிட்ட பொதுவளங்கள் பற்றிய நூலில், தோல்வியுற்ற முயற்சிகளின் வரிசையிலேயே மாவெல்லவை வைக்கிறார். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவர்.

நீர்கொழும்பு வாவியின் கதை இதற்கு நேர்மாறானது. கடலுக்கு மீளும் இறாலை வற்றுநீரில் மறித்துப் பிடிக்கும் கட்டுவலைத் தொழில் அங்கு நான்கு மீனவர் சங்கங்களின் கையில் உள்ளது. எவர் எவ்விடத்தில் வலை கட்டுவது என்பது திருவுளச்சீட்டாற் தீர்க்கப்படுகிறது. அரசும் அவ்விதிகளை ஏற்றுக்கொண்டுள்ளது. தொழிலும் நெடுங்காலமாக நிலைத்து நிற்கிறது. ஆனால், அங்கத்துவம் பரம்பரை வழி வருவது. அங்கத்தவரின் மகனாகப் பிறந்தவனுக்கே வழி. வளம் காக்கப்பட்டது, வாயில் அடைக்கப்பட்டது. மாவெல்லவில் வாயில் திறந்திருந்தது, வளம் கரைந்தது. இவ்விரண்டில் ஒன்றைத்தான் தெரிய வேண்டுமெனின், அன்று யான் வாசித்த பதினோராவது ஏற்பாடு நியாயமானதென்றே முடியும். அந்தத் தாயின் கூடை, மன்னிக்க முடியாததெனினும் தவிர்க்க முடியாத இழப்பாகிவிடும்.

இவ்விடத்திற் பல நாள் தடைப்பட்டு நின்றேன். வழிகாட்டியது சுவிற்சர்லாந்து மலையூர் ஒன்றின் பழைய விதி. தோபெல் என்னும் அவ்வூரார் 1517 இலேயே ஒரு விதி செய்துவைத்திருந்தனர். குளிர்காலம் முழுதும் தன் வீட்டு வைக்கோலைக் கொண்டு எத்தனை மாட்டைத் தீனிபோட்டுக் காக்க ஒருவனால் இயலுமோ, அத்தனை மாட்டையே கோடையிற் பொதுமலைக்கு அவன் ஓட்டிச் செல்லலாம். அவ்வூரிலும் அந்நியருக்கு இடமில்லை. அதனைப் புகழ யான் இங்கு வரவில்லை. ஆனால், இவ்விதியின் பிடி ஆளின்மேல் அன்றிப் பயன்பாட்டின்மேல் விழுகிறது. வெளியில் மாடு வாங்கி, கோடையில் ஊர்ப்புல்லிற் கொழுக்கவைத்து விற்கும் பணக்காரனையே அது முதலில் தடுக்கிறது. வரம்பு வேண்டும் என்பது வேறு, அவ்வரம்பை எங்கே கீறுவது என்பது வேறு. ஆளை எண்ணியும் கீறலாம். அளவை எண்ணியும் கீறலாம். முன்னதே இலகுவானது, கையொப்பப் பட்டியலைப் பார்த்தாற் போதும். இலகுவானதே நியாயமானதென எண்ணும் மயக்கம் எழுதப்பட்ட உடன்படிக்கைகளுக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது.

தரம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டியுள்ளது. நண்டு கொண்டுவந்த தாயை மறுத்தோருள் ஒருவர், நண்டுச் சேறு தளத்தைப் பழுதாக்கும் என்றார். கேட்பதற்கு நியாயமே. ஆனால், கரைவலையில் வரும் பாசியையும் மணலையும் அதே தளத்தில் நாளுக்கு இருமுறை கழுவித்தானே விடுகின்றனர்? தூய்மை என்னும் அளவுகோலை ஆளுக்கேற்ப நீட்டியும் குறுக்கியும் பிடிப்பது எம் சமூகத்துக்குப் பழகிய வித்தை. மகாராட்டிரத்தின் மகாத் என்னும் ஊரில், எவரும் நீரள்ளலாம் என நகரசபை 1924 இலேயே தீர்மானித்த பொதுக்குளத்தில் 1927 மார்ச் 20 ஆம் நாள் அம்பேத்கர் தம் மக்களுடன் இறங்கி நீர் பருகினார். கால்நடை பருகிய நீர், பிற மதத்தார் பருகிய நீர், அம்மக்களின் கை பட்டதும் தீட்டாயிற்று. நூற்றெட்டுக் குடம் பஞ்சகவ்வியம் ஊற்றிச் சாதியினர் அதனைச் ‘சுத்தி’ செய்தனர். வழக்கு நீதிமன்றம் ஏறியது. தொன்றுதொட்ட வழக்கமென வாதிகள் நிறுவவில்லையெனப் பம்பாய் உயர்நீதிமன்றம் 1937 இற் தீர்த்தது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளைச் சுற்றி நடந்தவற்றை அறிய விரும்புவோர் கே. டானியலின் ‘தண்ணீர்’ நாவலைப் படித்தறியலாம். எமது கிழக்கிலும் கிணற்றங்கரைகள் யாவும் களங்கமற்றிருந்தன எனச் சொல்ல எனக்கு நா எழாது. வாகரையின் வாவிக்கரைக் குடிகளிற் பலர் வேடர் வழிவந்த, தமிழ் பேசும் மக்கள். ‘சேறு’ என்ற சொல் அன்று கொட்டகையில் எழுந்தபோது அதில் நண்டின் சேறு மட்டுமே இருந்ததா என்பதை அங்கு நின்ற ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்; யானும் அவர்களுள் ஒருவன்.

மீண்டும் கிணற்றுக்கு வருகிறேன். கிணறுதான் விதி போட்டது என்ற அம்மம்மாவின் சொல்லை விளங்கிக்கொள்ள எனக்குப் புவியியற்றுறை நண்பரின் உதவி வேண்டியிருந்தது. எம்முடையது போன்ற கரையோர மணலில், மழையாற் சேரும் நன்னீர், அதனினும் பாரமான உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழ் ஏறத்தாழ நாற்பது அடிவரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. அதன் மறுதலையோ அச்சமூட்டுவது. மேலே ஓரடியை இறைத்துத் தீர்த்தால், கீழே நாற்பது அடி உவர் ஏறிவரும். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி இக்கரையோரக் கிணறுகளையெல்லாம் உப்பாக்கியபின், உதவ வந்தோர் பலர் இயந்திரங்கொண்டு அவற்றை இறைத்துச் சுத்தஞ் செய்தனர். நோக்கம் நல்லதே. ஆனால், அளவின்றியும் அடிக்கடியும் இறைத்த இடங்களிற் கீழிருந்த உவர் மேலேறி நிலைமை மேலும் மோசமாயிற்று என்பதைப் பின்னர் கிழக்கில் நடந்த ஆய்வுகள் காட்டின. மழையே ஈற்றில் மருந்தாயிற்று.

இதிலிருந்து யான் பெற்ற தெளிவு இதுதான். யாழ்ப்பாணத்து உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்படுவது போல, எமது நிலங்களின் உறுதிகளிலும் எல்லைகள் எழுதப்பட்டுள்ளன. என் வளவுக்குள் யான் தோண்டிய கிணறு எனக்கே உரியது. அதில் மின்பம்பி பூட்டிப் பகல் முழுதும் தென்னைக்கு இறைக்க எனக்கு உரிமை உண்டு; உறுதி தடுக்கவில்லை; எவரோடும் யான் ஒப்பந்தஞ் செய்ததில்லை. ஆனால், என் கிணற்றின் கட்டு மட்டுமே என்னுடையது. அடியில் மிதக்கும் அந்த வில்லையோ என் வேலியை அறியாது. என் பம்பியின் கீழ் உவர் எழுந்தால் அடுத்த வளவுக் குழந்தையின் குடிநீர் உப்பாகும். யாங்கள் ஒரே பொருளை முன்னரே பகிர்ந்துகொண்டிருக்கிறோம். ஒப்பந்தம் அந்தப் பகிர்வை உண்டாக்கவில்லை, பிந்திவந்து அதனைக் கண்டுகொள்ள மட்டுமே முயல்கிறது. கடப்பாடு கையொப்பத்திற் பிறப்பதன்று. ஒருவர் செய்கை மற்றவரைத் தொடும்படி ஒரே நீரின்மேல் வாழ்வதிற் பிறப்பது. கையொப்பம் அக்கடப்பாட்டின் அளவையும் முறையையும் குறித்துவைக்கும் கருவி. குறித்துவைத்த எல்லையும் பொருளின் எல்லையும் பொருந்தாதபோது, திருத்தப்பட வேண்டியது குறிப்பேயாகும். வாவியின் நண்டும் கடலின் மீனும் ஒரே கரைக்கு வருகின்றன. ஒரே வியாபாரிக்குப் போகின்றன. ஒரே வெயிலிற் கெடுகின்றன. முப்பத்தொரு பேர் என்ற எல்லை அக்கரையில் எங்கும் இல்லை. கடதாசியில் மட்டுமே உள்ளது.

திருத்துவதை எண்ணும்போது உத்தரமேரூர் நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை எம்மவர் மேடைதோறும் பெருமையுடன் எடுத்துரைப்பர். ஏரிவாரியம் முதலியவற்றுக்கு யார் தகுதியுடையார், கணக்குக் காட்டாதார் எவ்வாறு விலக்கப்படுவர் என்பதெல்லாம் அங்குண்டு. நிலமும் மனையும் வேதக்கல்வியும் உடையாரே தகுதி பெற்றனர் என்பதை மேடைகளிற் சற்றே விழுங்கிவிடுவர். யான் வியப்பது வேறொன்றை. அங்குள்ளவை இரண்டு கல்வெட்டுகள்; 919 இல் ஒன்று, 921 இல் மற்றொன்று. முதலாவது ஏற்பாடு நடைமுறையிற் குறையுடையதெனக் கண்டு, இரண்டே ஆண்டில் அச்சபையார் அதனைத் திருத்தி மறுபடியும் கல்லில் வெட்டினர். கல்லில் வெட்டியதையே திருத்தத் தயங்காதோர் அவர்கள். எங்கள் கொட்டகை உடன்படிக்கையின் பதினான்கு ஏற்பாடுகளையும் மறுபடி படித்துப் பார்த்தேன். தளத்தை எப்படிக் கழுவுவது என்பதற்கு நான்கு வரி உண்டு. உடன்படிக்கையை எப்படித் திருத்துவது என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

விடுமுறை முடிவதற்கு முந்திய ஞாயிறன்று சங்கக் கூட்டம் நடந்தது. தலைவரின் அனுமதியுடன் யான் எழுந்து, மேற்சொன்னவற்றுட் சிலவற்றை ஊர்ப்பேச்சிற் சொன்னேன். ஹியூமை விட்டுவிட்டேன், கிணற்றை விடவில்லை. மூத்த அங்கத்தவர் ஒருவர் எதிர்த்தார். “இண்டைக்கு ஒரு ஆள் எண்டுவீங்க தம்பி, நாளைக்குப் பத்துப் பேர் வந்து நிப்பாங்க. ஐஸ் பெட்டி ரெண்டுதானே இரிக்கு?” மாவெல்லவைப் பற்றி எதுவும் படியாமலே அவர் மாவெல்லவின் முழு நியாயத்தையும் ஒரே மூச்சிற் சொல்லிவிட்டார். அவருக்கு விடை கூற என்னால் இயலவில்லை. விடை கூறியவர் பின்வரிசையிலிருந்த ஓர் இளைஞர். பெட்டி இரண்டும் நிறைவது அங்கத்தவர் பிடிக்கும் மீனால் அன்று. அங்கத்தவர் சிலர் வேறு கரைகளில் வாங்கிவந்து விலையேறும்வரை வைத்திருக்கும் மீனாலேயே என்றார் அவர். சிறிதுநேரம் கொட்டகையில் ஒருவரும் பேசவில்லை.

அன்று முடிவானது இது: தன் கையாற் பிடித்ததற்கு மட்டுமே பனிக்கட்டி, வாங்கிவந்த மீனுக்கு இல்லை. இக்கரையிலும் வாவியிலும் தொழில் செய்யும் எவரும், அதே கட்டணத்தையும் அதே கழுவும் முறையையும் ஏற்று, கொட்டகையைப் பயன்படுத்தலாம். ஆண்டுதோறும் சடங்குக்கு முந்திய கிழமை, கிணறு இறைக்கும் நாளில், இவ்விதிகள் மறுபடி பேசப்படும். வாங்கி விற்போர் இருவர் கூட்டம் முடியுமுன்னரே எழுந்து போய்விட்டனர். அவர்கள் இதற்குக் கட்டுப்படுவார்களா என்ற வினாவை யான் அன்றிரவு முழுதும் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்களும் இப்போது கையொப்பமிடாதாரே.

உடன்படிக்கையின் பின்புறம் வெறுமையாக இருந்தது. தலைவர் சொல்லச்சொல்ல அதில் யான் எழுதினேன். நிறுவனத்துக்கு ஒரு பிரதி அனுப்புவதென்றும் தீர்மானமாயிற்று. மறுநாட் காலை அந்தத் தாயை அழைத்துவந்தபோது, எழுதியதை முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கழுவும் முறைபற்றி இரண்டு கேள்வி கேட்டார். சேற்றை வாவியிலேயே அலசிவிட்டு வந்தாற் போதாதா என்றார். போதும் என்று தலைவர் சொல்ல, அதையும் ஒரு வரியாகச் சேர்த்தேன். பின்னர் அவர் தம் பெயரை மெதுவாக எழுத்துக்கூட்டி எழுதினார். அதன்கீழ்த் தலைவர் அடிமட்டத்தை வைத்து மேலும் ஆறு கோடுகளை இழுத்துவிட்டு, கடதாசியை உறைக்குள் இட்டார்.